மதுரையில் இருந்தே பேட்டன்ட் ஏஜென்ட் தேர்வுக்குத் தயாராவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "திருநகரில் இருக்கிறேன். எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். குழந்தை பிறந்ததும் விட்டுவிட்டேன். பேட்டன்ட் தேர்வை வீட்டில் இருந்தே ஆன்லைனில் எழுதலாம் என்று தோழி சொல்கிறாள். சட்டம் படிக்காத நான் எழுதலாமா? சென்னைக்குப் போய்த் தங்காமல் தயாராக முடியுமா? கோச்சிங் வகுப்பு ஒன்றில் பெரிய தொகை கேட்கிறார்கள், சேரலாமா?"

தோழி சொன்னதை முதலில் பார்த்துவிடுவோம். ஆன்லைனில் எழுதும் பேட்டன்ட் (காப்புரிமை) தகுதித் தேர்வு ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது ஐரோப்பியத் தேர்வு. 2020ல் கொரோனாவால் நின்றுபோய், 2021லிருந்து கணினியில் நடக்கிறது. ஆனால் அதை எழுத, ஐரோப்பாவில் பதிவு பெற்ற ஒருவரின் கீழ் பொதுவாக 3 ஆண்டு பயிற்சி எடுத்திருக்க வேண்டும். திருநகரில் இருந்துகொண்டு அது நடக்காது. நம் நாட்டுத் தேர்வில் விண்ணப்பம்தான் ஆன்லைன். 2023 மே 7 அன்று நடந்த தேர்வை மையத்துக்குப் போய், இரண்டு தாளையும் ஒரே நாளில், பேனா பிடித்துத்தான் எழுதினார்கள். சென்னையில் மையம் உண்டு. ஆக, தேர்வுக்கு ஒரு தடவையும் நேர்முகத்துக்கு ஒரு தடவையும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினால் போதும். தங்கிப் படிக்கத் தேவையில்லை.

சட்டப் பட்டம் தேவையே இல்லை. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 126ஆம் பிரிவு கேட்பவை இவ்வளவுதான்: இந்தியக் குடியுரிமை, 21 வயது நிறைவு, அறிவியல் அல்லது பொறியியல் அல்லது தொழில்நுட்பத்தில் பட்டம், இந்தத் தேர்வில் தேர்ச்சி. உங்கள் எம்.எஸ்சி.யே அதிகப்படி. ஒருவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால் அதற்கான விண்ணப்பத்தை எழுதுவது, காப்புரிமை அலுவலகம் எழுப்பும் ஆட்சேபங்களுக்குப் பதில் தருவது, அங்கே நடக்கும் விசாரணையில் அவர் சார்பாகப் பேசுவது ஆகியவைதான் ஏஜென்ட்டின் வேலை. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனால் வக்கீல் பார்த்துக்கொள்வார்.

இப்போது மதிப்பெண் கணக்கு. படிக்கத் தொடங்கும் முன்பே இது மனதில் பதிந்துவிட வேண்டும், ஏனென்றால் எதற்கு எவ்வளவு நேரம் என்பதை இதுதான் முடிவு செய்கிறது. முதல் தாள் சட்டமும் விதிகளும், 100. இரண்டாம் தாள் ஸ்பெசிஃபிகேஷன் (கண்டுபிடிப்பை விவரிக்கும் ஆவணம்) எழுதுவதும் ஆவணங்களுக்குப் பொருள் காண்பதும், 100. நேர்முகம் 50. எழுத்துத் தாள் ஒவ்வொன்றிலும் 50 எடுக்க வேண்டும். மொத்தத்தில் 60 சதவீதம், அதாவது 250க்கு 150 வேண்டும். இரண்டிலும் சரியாக 50 எடுத்தவர் நேர்முகத்தில் 50க்கு 50 வாங்கினால்தான் தேறுவார். அது யாருக்கும் நடக்காது. முதல் தாளில் 80 எடுத்தவருக்கோ இரண்டாம் தாளில் 50 வந்தாலும் நேர்முகத்தில் 20 போதும். முதல் தாளில் மதிப்பெண்ணைச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் தாளில் 50க்குக் கீழே போகாமல் தப்ப வேண்டும். முதல் தாளை ஆன்லைனில் படித்தே முடிக்கலாம். இரண்டாம் தாளுக்கு நோட்டும் பேனாவும்தான் வழி. என் பதிலின் சாரம் இதுதான், மீதியெல்லாம் விளக்கம்.

முதல் தாளுக்கு வருவோம். சட்டத்தை 1ஆம் பிரிவிலிருந்து வரிசையாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் பாதியில் விட்டுவிடுகிறார்கள். ஒரு விண்ணப்பம் பிறந்து வளர்ந்து முடியும் வரை அதன் கூடவே போய்ப் படியுங்கள். எடுத்துக்காட்டாக, ஒருவர் 2024 ஜூன் 10 அன்று தற்காலிக ஸ்பெசிஃபிகேஷன் தாக்கல் செய்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு ஸ்பெசிஃபிகேஷனுக்கு 12 மாதம், 2025 ஜூன் 10. வெளிநாடுகளுக்கும் வேண்டும் என்றால் பி.சி.டி. (பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே சர்வதேச விண்ணப்பம் போட வழி செய்யும் ஒப்பந்தம்) விண்ணப்பத்துக்கும் அதே நாள்தான் கெடு. 18 மாதம் முடிந்தால், அதாவது 2025 டிசம்பர் 10க்குப் பிறகு, விண்ணப்பம் காப்புரிமை அலுவலகத்தின் இதழில் வெளியாகும். பரிசோதனை கேட்டு படிவம் 18 போட 31 மாதம். கணக்குப் போட்டால் 2027 ஜனவரி 10. அது ஞாயிற்றுக்கிழமை, அலுவலகம் மூடியிருக்கும், ஆகவே அடுத்த வேலை நாளான 11ஆம் தேதி வரை செல்லும். பரிசோதகரின் முதல் அறிக்கை, அதைத் தொழிலில் எஃப்.இ.ஆர். என்பார்கள், வந்தால் பதிலுக்கு 6 மாதம். படிவம் 4 போட்டு இன்னும் 3 மாதம் வாங்கலாம். காப்புரிமை கிடைத்தால் ஆயுள் 20 ஆண்டு, தற்காலிகத் தாக்கல் செய்த நாளிலிருந்து: 2044 ஜூன் 10 வரை. இந்தக் கடைசி வரியில்தான் நிறையப் பேர் சறுக்குவார்கள். பி.சி.டி. வழியாக இந்தியாவுக்குள் வரும் விண்ணப்பம் என்றால் 20 ஆண்டு சர்வதேசத் தாக்கல் நாளிலிருந்து ஓடும், முன்னுரிமை நாளிலிருந்து, அதாவது முதல் தாக்கல் நாளிலிருந்து, அல்ல. ஆனால் இந்தியாவுக்குள் நுழைவதற்கான 31 மாதம் முன்னுரிமை நாளிலிருந்து ஓடும். இப்படி ஐந்தாறு கற்பனை விண்ணப்பங்களுக்கு நாட்காட்டி போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் பிரிவு எண், விதி எண், படிவ எண் எழுதுங்கள். மனப்பாடம் தானாக நடக்கும்.

ஓர் எச்சரிக்கை. கைமாறிக் கைமாறி வரும் பி.டி.எஃப். குறிப்புகளை நம்பாதீர்கள். 2024 மார்ச் 15 முதல் விதிகள் நன்றாகவே மாறிவிட்டன. பரிசோதனைக் கோரிக்கைக்கு முன்பு 48 மாதம், இப்போது 31. வெளிநாட்டு விண்ணப்பங்களைப் பற்றிச் சொல்லும் படிவம் 3 இப்போது எஃப்.இ.ஆர். வந்து 3 மாதத்துக்குள் தர வேண்டியது. கண்டுபிடிப்பு பயன்பாட்டில் இருக்கிறதா என்று சொல்லும் படிவம் 27 ஆண்டுதோறும் என்பது போய், மூன்று நிதியாண்டுக்கு ஒரு முறை. மேல்முறையீட்டு வாரியம் 2021லேயே கலைக்கப்பட்டது. மேல்முறையீடு இப்போது உயர் நீதிமன்றத்துக்கு. ஜன் விஸ்வாஸ் சட்டம் அபராதங்களை மாற்றியது. காப்புரிமை இல்லாத பொருளுக்கு இருப்பதாகப் பொய் சொன்னால் 1 லட்சமாக இருந்தது 10 லட்சம் வரை ஆகிவிட்டது. பழைய கேள்வித்தாள்களைக் கட்டாயம் போட்டுப் பாருங்கள், ஆனால் விடையை இன்றைய விதியோடு ஒத்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். சட்டம், விதிகள், அலுவலகக் கையேடு, பழைய தாள்கள் எல்லாம் காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்திலேயே இலவசம்.

மூன்றாம் பிரிவுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். எவையெல்லாம் கண்டுபிடிப்பு ஆகாது என்ற பட்டியல் அது. முதல் தாளிலும் வரும், இரண்டாம் தாளிலும் வரும், நேர்முகத்தில் கண்டிப்பாக வரும். மதுரையைச் சுற்றி நடந்துகொண்டே இதைப் படிக்கலாம் என்று நான் சொல்வதுண்டு. ஜிகர்தண்டாவில் ஏற்கெனவே தெரிந்த பொருளை இன்னொரு விகிதத்தில் கலந்தேன் என்றால் 3(இ), வெறும் கலவை; சேர்ந்ததால் புதிதாக ஒரு விளைவு வருகிறது என்று காட்டினால்தான் பேச்சு. மல்லிகைச் செடிக்குக் கவாத்து செய்யும் புது முறை 3(எச்), வேளாண் முறை. கவாத்துக் கத்தரியில் புதுமை இருந்தால் அது வேறு விஷயம், அது கருவி. கண்புரை அறுவை சிகிச்சையில் ஒரு புது முறை 3(ஐ), சிகிச்சை முறை. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் பொருள் என்பதால் அதற்குத் தடை இல்லை. அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் 1992லிருந்து அந்த லென்ஸ்களை இங்கேயே செய்து வருகிறது, ஆகவே இந்த வேறுபாடு நம் ஊர்க்காரர்களுக்குச் சுலபமாகப் பிடிபடும். ஷேர் ஆட்டோக் கட்டணத்தைப் பிரித்துக் கொடுக்கும் ஆப் வெறும் கணினி நிரல் என்ற அளவில் 3(கே). பாட்டி சொன்ன சித்த மருந்து 3(p), மரபு அறிவு. காயத்துக்கு மஞ்சள் பூசுவதற்கு அமெரிக்காவில் கொடுத்த காப்புரிமையை 1997ல் ரத்து செய்த கதையை அதோடு சேர்த்துப் படியுங்கள்.

நீங்கள் வேதியியல் என்பதால் 3(டி)யை விடாதீர்கள். தெரிந்த பொருளின் புது வடிவத்துக்கு, செயல்திறன் கூடியிருந்தால் ஒழிய, காப்புரிமை இல்லை என்பது அது. நோவார்ட்டிஸ் நிறுவனம் ரத்தப் புற்றுநோய் மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு 1998ல் போட்ட விண்ணப்பம் நம் சென்னை அலுவலகத்தில்தான் 2006ல் நிராகரிக்கப்பட்டது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மருந்து என்று வந்தால் செயல்திறன் என்பது நோயைக் குணப்படுத்தும் திறன்தான் என்றது. படிகத்தின் ஓடும் தன்மை நன்றாக இருக்கிறது, ஈரம் இழுக்காது என்பதெல்லாம் அதில் செல்லாது. வேதியியல் பட்டதாரி என்றால் நேர்முகத்தில் இந்த வழக்கை எதிர்பார்க்கலாம்.

அப்புறம் இரண்டாம் தாள். நன்றாகப் படித்தவர்களும் விழும் இடம் இதுதான். காரணம் அறிவுக் குறை அல்ல, பழக்கக் குறை. கிளைம் எழுதிப் பழகாமல் கிளைம் பற்றிய வீடியோக்களையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கிளைம் என்பது பத்திரத்தில் நான்கு மால் (எல்லை) எழுதுவது போன்றது. உள்ளே இருப்பது உங்களுடையது, வெளியே இருப்பது ஊருடையது. கற்பனையாக ஒரு கேள்வி எடுத்துக்கொள்வோம். மதுரை மல்லி மொட்டைத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸோடு அடைத்து வெளியூருக்கு அனுப்புகிறார்கள். இது ஏற்கெனவே உள்ளது. ஐஸ் உருகிய தண்ணீர் பட்டு மொட்டு பழுப்பாகிறது, இது பிரச்சினை. ஒருவர், மொட்டுகளைத் துளைகள் உள்ள தட்டில் வைத்து, தட்டுக்குக் கீழே தண்ணீரை உறிஞ்சும் ஓர் அடுக்கைப் போட்டுத் தீர்வு கண்டார். தேர்வில் இதை இரண்டு பக்கத்துக்கு விவரித்து, நீளம் அகலம், மூடியின் நிறம், தென்னை நார்க்கழிவு, ஜெல் பாக்கெட் என்று எல்லாம் கொட்டியிருப்பார்கள். கிளைம் எழுதுங்கள் என்பார்கள்.

முதல் முறை எழுதுபவர் இரண்டில் ஒன்றைச் செய்வார். ஒன்று, "30 செ.மீ. நீளத் தெர்மாகோல் பெட்டி, நீல மூடி, ஜெல் ஐஸ், தென்னை நார்க்கழிவு…" என்று எல்லாவற்றையும் உள்ளே போட்டுவிடுவார். போட்டியாளர் தென்னை நாருக்குப் பதில் பஞ்சு வைத்துத் தப்பித்துவிடுவார். அல்லது, "மல்லிகை மொட்டு வாடாமல் வைக்கும் பெட்டி" என்று பலனை மட்டும் எழுதுவார். அது எப்படி என்பதைச் சொல்லவே இல்லை. பரிசோதகர் ஒரே வரியில் தள்ளிவிடுவார்.

எழுத வேண்டியது ஏறக்குறைய இப்படி: மலர் மொட்டுகளைக் கொண்டுசெல்லும் பெட்டி, அதில் வெப்பத்தைத் தடுக்கும் உறை ஒன்று, உறைக்குள் குளிர்விக்கும் பொருள் ஒன்று, மொட்டுகளைத் தாங்கும், துளைகள் உள்ள தட்டு ஒன்று, தட்டுக்குக் கீழே நீரை உறிஞ்சும் அடுக்கு ஒன்று, குளிர்விக்கும் பொருளிலிருந்து வரும் நீர் தட்டில் உள்ள மொட்டுகளைத் தொடாமல் அந்த அடுக்குக்குப் போய்ச் சேரும்படி இவை அமைந்திருத்தல். ஒவ்வொரு உறுப்பாக எடுத்து, இதை நீக்கினால் பிரச்சினை தீருமா என்று கேட்டுப் பாருங்கள். தீராது என்றால் முதல் கிளைமில் இருக்கட்டும். தீரும் என்றால் கீழே இறக்குங்கள். தென்னை நார், ஜெல், மூடியில் காற்றுத் துளை எல்லாம் 2, 3, 4 எண் உள்ள சார்பு கிளைம்களில், அதாவது முதல் கிளைமைச் சார்ந்து நிற்பவற்றில், வரட்டும். "மல்லிகை" என்பதைக்கூட "மலர் மொட்டு" என்று விரித்து, மல்லிகையைச் சார்பு கிளைமில் வைக்கலாம். உறுப்புகளை அடுக்கும் முன் ஆங்கிலத்தில் "கம்ப்ரைசிங்" போட்டால் வேறு உறுப்பைக் கூடுதலாகச் சேர்த்தவரும் உங்கள் கிளைமுக்குள் மாட்டுவார். "கன்சிஸ்டிங் ஆஃப்" போட்டால் மாட்டமாட்டார். அந்தப் பெட்டியில் மொட்டை அடைக்கும் முறைக்கும் ஒரு கிளைம் எழுதலாம், ஒரே கண்டுபிடிப்புக் கருத்துக்குள் அடங்கும்வரை சட்டத்தின் 10(5) பிரிவு இடம் தருகிறது. ஸ்பெசிஃபிகேஷனோடு தரும் சுருக்கம் 150 சொல்லைத் தாண்டக் கூடாது.

பயிற்சிக்கு ஆசிரியர் வேண்டாம். கூகுள் பேட்டன்ட்ஸில் எளிமையான ஒரு காப்புரிமையை எடுங்கள்: குடை, பிரஷர் குக்கர் மூடி, தண்ணீர் வடிகட்டி, ஏதோ ஒன்று. கிளைம் பகுதியைப் பார்க்காமல் விவரத்தை மட்டும் படியுங்கள். கடிகாரம் வைத்து, கையால் முதல் கிளைமை எழுதுங்கள். பிறகு அசலோடு ஒப்பிடுங்கள். நீங்கள் சேர்த்தது எது, அவர் விட்டது எது, ஏன் விட்டார் என்று பாருங்கள். வாரத்துக்கு மூன்று எழுதினால் சில மாதங்களில் கை பழகிவிடும். குழந்தை தூங்கும் ஒரு மணி நேரம் இதற்குப் போதும். வீடியோவுக்குத்தான் நீண்ட நேரம் தேவை.

உங்கள் துறையிலேயே ஒன்று வேண்டுமென்றால், தியாகராசர் பொறியியல் கல்லூரி வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவனின் பிளாஸ்டிக் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2018ல் பத்மஸ்ரீ வாங்கியவர். "சாலையில் பிளாஸ்டிக் போடுவது" என்று கிளைம் எழுதினால் தோற்றீர்கள். சூடான ஜல்லியின் மேல் துண்டாக்கிய பிளாஸ்டிக்கைத் தூவி, அது கல்லின் மேல் பூச்சாகப் படிந்த பிறகு தாரைச் சேர்ப்பதுதான் அந்த முறையின் உயிர். படிகளின் வரிசையே கண்டுபிடிப்பாக இருக்கும்போது கிளைமை எப்படி எழுதுவது என்று பழக இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

எஃப்.இ.ஆருக்குப் பதில் எழுதப் பழக, இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தேடுதளம் இருக்கிறது. வெளியான விண்ணப்பங்களின் ஃபைலை யாரும் திறந்து பார்க்கலாம்: பரிசோதகர் என்ன ஆட்சேபித்தார், ஏஜென்ட் என்ன பதில் சொன்னார், கிளைம் எப்படிச் சுருங்கியது, எல்லாம் அதில் இருக்கும். இவ்வளவு நல்ல பாடப்புத்தகத்தை இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள், ஆனால் பார்ப்பவர்கள் குறைவு.

கோச்சிங்? முதல் தாளுக்கு வேண்டாம். ஐ.ஐ.டி.க்களின் இணையப் பாடத் தளமான என்.பி.டி.இ.எல்.லில் காப்புரிமைச் சட்டப் பாடங்கள் இருக்கின்றன, உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவின் அகாடமி தரும் டி.எல்.-101 அடிப்படைப் பாடமும் இலவசம். அந்த வகுப்புக்காரர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நான் எழுதும் கிளைமை ஒருவர் படித்து, வரிக்கு வரி திருத்தித் தருவாரா, எத்தனை தடவை தருவார்?" தெளிவான பதில் வந்தால் பணத்துக்கு அர்த்தம் உண்டு. "எல்லா வீடியோவும் வாழ்நாள் முழுக்கப் பார்க்கலாம்" என்று பதில் வந்தால் விட்டுவிடுங்கள்.

அறிவிப்பு வரட்டும், படிக்கலாம் என்று இருக்காதீர்கள். ஆண்டுதோறும் நடக்கும் தேர்வு அல்ல இது. 2018 அக்டோபருக்கு அப்புறம் 2023 மேயில்தான் நடந்தது. அறிவிப்பு வந்த பிறகு தயாராவதற்குக் கிடைக்கும் காலம் குறைவாகவே இருக்கும். வீட்டில் கவனம் சிதறினால் புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. மாதாந்திர மின்தடை அன்று அங்கே போவது இன்னும் உசிதம்.

தமிழ் வழியில் படித்திருந்தால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். விண்ணப்பமும் ஆவணங்களும் ஆங்கிலத்தில் அல்லது இந்தியில்தான் இருக்க வேண்டும் என்பது 9ஆம் விதி. கதை, கட்டுரை எழுதும் ஆங்கிலம் தேவையில்லை. ஒரு பொருளுக்கு ஒரே சொல்லைக் கடைசிவரை மாற்றாமல் பயன்படுத்தும் ஆங்கிலம் போதும். முதல் பக்கத்தில் "தட்டு" என்றால் கடைசிப் பக்கம்வரை "தட்டு"தான். நடுவில் அழகுக்காகத் "தளம்" என்று எழுதினால் அது வேறொரு உறுப்பாகிவிடும்.

தேறிய பிறகு மதுரையில் பிழைக்க முடியுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதைத்தான் கேட்பீர்கள். முடியும். 2016லிருந்து ஏஜென்ட்டுகள் எல்லா ஆவணங்களையும் மின்வழியில்தான் தாக்கல் செய்ய வேண்டும். விசாரணையும் வீடியோவில் நடக்கிறது. சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்துக்கு ஓட வேண்டியதில்லை. கல்வி நிறுவனங்களுக்கு 2021ல் கட்டணத்தை 80 சதவீதம் குறைத்த பிறகு நம் பக்கத்துக் கல்லூரிகளிலும் விண்ணப்பங்கள் கூடியிருக்கின்றன. அதில் எண்ணிக்கைக்காகப் போடுபவையும் உண்டு. விண்ணப்பம் இதழில் வெளியானதையே காப்புரிமை கிடைத்ததாக நினைத்து ஃப்ளெக்ஸ் வைத்துக் கொண்டாடுவதை நீங்களும் பார்ப்பீர்கள். வெளியாவது 18 மாதத்தில் தானாக நடப்பது. கிடைப்பது பரிசோதனை முடிந்து. கட்டணம் பேசும் முன்பே வாடிக்கையாளருக்கு இதைச் சொல்லிவிடுவது உங்களுக்கும் நல்லது.

கடைசியாக, இன்றைக்கே செய்ய வேண்டிய ஒரு வேலை. உங்கள் பட்டச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல் இருக்கும், ஆதாரில் கணவர் பெயர் ஏறியிருக்கும். விண்ணப்பத்தில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர் என்றால் தேர்வு நேரத்திலும் சிக்கல், தேறிய பின் படிவம் 22 போட்டுப் பதிவு செய்யும்போதும் சிக்கல். எல்லா ஆவணத்திலும் பெயரை ஒன்றாக்கிவிடுங்கள். ஆதாரைச் சான்றிதழுக்கு ஏற்ப மாற்றுவது, சான்றிதழை மாற்றுவதைவிட எளிது.